தெர்மாகோல் காய்ச்சிய வருடங்கள்

பக்கத்துத் தோட்டத்து அக்கா முதன்முதலாக எங்கள் வீட்டுப் படியேறியது சண்டை போடத்தான். மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கி வீசத் தொடங்கியிருந்த ஆனி மாதம். நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு பன்னீர் திராட்சைக் குலையோடு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், இது என்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். கறுத்துப் பழுத்த பழங்களுக்கு இடையில் வெள்ளை வெள்ளையாகக் குருணை செருகிக்கொண்டிருந்தது. ஊதினால் போகவில்லை, நகத்தால் கிண்டினால் பழம் கிழிந்தது. ஒரு குருணையின் ஓரத்தில் தங்க நிறப் பெயின்ட் ஒட்டியிருந்தது. அது எங்கள் வீட்டுக் கொட்டகையில் அடித்த பெயின்ட் என்பது எனக்கு உடனே தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"பூச்சி முட்டைங்கிறாக ஏவாரி. இல்லங்க, பக்கத்து வீட்டுக் கல்யாணச் சாமான்னா நம்ப மாட்டேங்கிறாக. கூடை கூடையா அங்கனயே ஒதுக்கி வச்சுட்டுப் போயிட்டாக. பூச்சின்னா மருந்தடிச்சு வெரட்டுவேன். இத என்னத்த அடிச்சு வெரட்ட?"

என் கணவரும் உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்தார். அக்கா குலையை என் கையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

உத்தமபாளையத்துக்கும் அனுமந்தன்பட்டிக்கும் நடுவில், திராட்சைத் தோட்டங்களை ஒட்டி நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த புதிது அது. நான் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு மணமேடை ஜோடனைத் தொழில். மின்சாரத்தில் சூடேறும் மெல்லிய கம்பியால் தெர்மாகோல் பலகையை வெட்டி அன்னம், மயில், தூண், வளைவு என்று செய்வார். கம்பி ஓடும்போது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இருக்கும். கல்யாணம், காதுகுத்து, சர்ச் திருவிழா எல்லாவற்றுக்கும் அவரைத்தான் தேடி வருவார்கள். பொண்ணு மாப்பிள்ளையை விட்டுவிட்டு மேடையை வாய்பார்த்து நிற்கிறவர்களை நான் எத்தனையோ மண்டபங்களில் பார்த்திருக்கிறேன். இரண்டாயிரம் பிறந்த பிறகு அந்த மேடைகளுக்கு நல்ல காலம். ஒரு மேடை ஒரு நாள் நிற்கும். மறுநாள் அது குப்பை. வெட்டும்போது உதிர்கிற தூள், துண்டு எல்லாம் அதோடு சேர்ந்து கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். காற்று மாதம் வந்தால் அத்தனைக்கும் இறக்கை முளைத்துவிடும்.

அன்றைக்கே அவர் சாக்கு வாங்கி வந்து எல்லாவற்றையும் அள்ளிக் கட்டினார். கொட்டகையைச் சுற்றிலும் கொசுவலை அடித்தார். பழைய இரும்புக் கடையில் கேட்டால், காற்றை எடைபோட்டு நாங்கள் என்ன செய்வது என்று சிரித்தார்கள். ஒரு நாள் நான் கல்லூரியில் இருந்தபோது, இடம் போதாமல் பாதிச் சாக்குகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டார். கரும்புகை எழும்பி, நூல் நூலாகக் கரி மிதந்து போய் அக்காவின் பந்தலில் படிந்தது. அன்று அக்கா சண்டைக்குக்கூட வரவில்லை. அதற்கப்புறம் வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

"தொழில மாத்திர வேண்டியதேன்" என்றார் என் கணவர். சூட்டுக் கம்பியைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, பாதி வெட்டிய மயிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "துணிப் பந்தல் போடுறேன். இல்ல, பூ அலங்காரம் எதுவும் பாக்குறேன்."

அவர் அதை அழாத குறையாகச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் வகுப்பில் பாலிமர் பாடம். ஸ்டைரீன் என்ற திரவத்தின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டால் பாலிஸ்டைரீன். அதைப் பொங்கவைத்தால் தெர்மாகோல். வருடா வருடம் இதைக் கரும்பலகையில் எழுதி, இடமிருந்து வலமாக ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அன்றைக்குத்தான் சாக்பீசோடு நின்று யோசித்தேன். காற்றுப் படாமல் நன்றாகச் சூடாக்கினால் இந்தச் சங்கிலி அவிழும் என்று நானும் படித்துத்தானே பட்டம் வாங்கினேன். என் வீட்டுக் கொல்லையில் சாக்குச் சாக்காகப் பாலிஸ்டைரீன் கிடக்கிறது. நான் அதைக் குப்பை என்கிறேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "சரமாக் கட்டின பூவ அவுத்து உதிரிப் பூவா ஆக்குற மாதிரிங்க."

"அவுத்தா பூ கசங்கிருமே?"

"கொஞ்சம் கசங்கும். மிச்சம் திரும்பக் கட்டலாம்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சாக்கத் தூக்கி வண்டில வைக்கட்டுமா?" என்றார்.

துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமை மதியங்களில் கல்லூரி ஆய்வகத்தில் தொடங்கினேன். கெட்டிக் கண்ணாடிக் குடுவையில் துண்டுகளை அடைத்துச் சூடேற்றினால் முதலில் சுருங்கும், பிறகு பாகாக உருகும், அதற்கப்புறம் வெகுநேரம் ஒன்றும் நடக்காது. திடீரென்று வெண்புகை கிளம்பும். அதைக் குளிர்ந்த குழாய் வழியாக விட்டால் மறுமுனையில் மஞ்சளாக எண்ணெய் சொட்டும். அந்த எண்ணெயைக் காற்றழுத்தம் குறைத்து மறுபடி வடித்தால் தண்ணீர்போலத் தெளிந்த திரவம். புரோமின் கரைசலில் இரண்டு சொட்டு விட்டேன். செம்பழுப்பு நிறம் சட்டென்று மறைந்தது. சங்கிலி அவிழ்ந்து ஸ்டைரீன் வந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். ஸ்டைரீனைச் சேர்த்துவைக்க வேண்டுமென்றால் அது தானாகக் கைகோக்காமல் இருக்க ஒரு தடுப்பு மருந்தைத் துளி கலக்க வேண்டும். நான் கலக்கவில்லை. கோடை விடுமுறை முழுவதும் பாட்டில் ஜன்னல் மேடையிலேயே இருந்திருக்கிறது. ஜூன் மாதம் வந்து கதவைத் திறந்து பாட்டிலைச் சாய்த்தால் உள்ளே எதுவும் அசையவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தேன். கல்லாக இருந்தது.

ஒரு வருட வேலை போயிற்று என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. இது உறைந்துபோகும் என்றால், இது ஸ்டைரீனேதான். சங்கிலி அவிழ்ந்து, வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்து, தானே திரும்பக் கோத்துக்கொண்டிருக்கிறது. இதைவிடப் பெரிய சோதனையை நான் செய்திருக்கவே முடியாது. பாட்டிலைத் துணியில் சுற்றி உடைத்து, உள்ளேயிருந்த கட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பனிக்கட்டிபோலத் தெளிவாக இருந்தது.

என் கணவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இது எது தெரியுமா? சின்னமனூர்க் கல்யாணத்துக்கு வெட்டினீகளே, அந்தத் தூணு" என்றேன்.

"தெர்மாகோலா இது?"

"ஆமாங்க."

"இதுக்குள்ள பாத்தா அந்தப் பக்கம் தெரியுதேம்மா" என்றார். அன்று சாயங்காலம், ஒரு வருடமாகத் தொங்கிய கம்பியை ஆணியிலிருந்து எடுத்து மறுபடி மயில் வெட்டத் தொடங்கினார்.

கொல்லையில் கிடக்கும் சாக்குகளைக் கண்ணாடிக் குடுவையில் காய்ச்சித் தீர்க்க முடியாது. உத்தமபாளையத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் கனமான எஃகுக் கலம் ஒன்று செய்தோம். மூடிக்குப் போல்ட், வெப்பமானி நுழைக்க ஒரு துளை, ஆவி போக ஒரு குழாய். அந்தக் குழாயைச் சுற்றி இன்னொரு குழாய், அதில் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கேதான் இடித்தது. எங்கள் வீட்டுக் குழாயில் வந்த தண்ணீர் சமையலுக்கே இழுபறி. வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் போர்வெல் வாய்க்கால் நிறையத் தள்ளிக்கொண்டிருந்தது.

நான்தான் போனேன். அக்கா பந்தலடியில் கவாத்துக் கத்தரியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தும் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அக்கா, தண்ணி வேணும்."

"குடிக்கவா?"

"இல்லக்கா, தெர்மாகோலக் காய்ச்ச."

கத்தரி நின்றது. "கொளுத்தினது பத்தாதுன்னு காய்ச்ச வேற போறீகளா?"

மண்ணில் குச்சியால் படம் வரைந்து காட்டினேன். புகை வெளியே வராது, ஆவி குழாய்க்குள்ளேயே குளிர்ந்து எண்ணெயாகிவிடும் என்றேன். தண்ணீர் வெளிக்குழாயில் ஓடித் திரும்ப அவருடைய வாய்க்காலுக்கே வந்துவிடும், ஆவியும் தண்ணீரும் ஒன்றையொன்று தொடாது என்றேன். அவர் குனிந்து படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எம் பந்தல்ல ஒரு துளி கரி விழுந்துச்சு, தண்ணி ஓஸ அத்து எறிஞ்சுருவேன்."

"நானே அத்துத் தர்றேங்க்கா."

கொல்லையில் கலத்தை ஏற்றிய முதல் நாள் அவர் நம்பிக்கையில்லாமல்தான் வந்து நின்றார். அடுப்பு எரிந்தது, கலம் சூடேறியது, ஒன்றும் நடக்கவில்லை. என் கணவர் நாலு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா ஒரு கல்லை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சொட்டு விழுந்ததும் அவர்தான் கத்தினார். "டீச்சர், ஒழுகுது!" சொட்டு தாரையானது. "எங்க பெரியப்பா ஊரு கடமலைக்குண்டுக்கு மேக்க. அங்கன சாராயம் இப்படித்தேன் காய்ச்சுவாக. போலீசு வந்தா என்னயச் சேத்துச் சொல்லிராதீக" என்று அவர் சொன்னதும் மூன்று பேருமே சிரித்துவிட்டோம். அவர் எழுந்து, திரும்பி வந்த தண்ணீரில் கைவிட்டுப் பார்த்தார். முகர்ந்தார். கொஞ்சம் சூடு, வேறொன்றுமில்லை. அந்தத் தண்ணீரைத் தன் வாய்க்காலுக்கே திருப்பிவிட்டார்.

ஆறிய எண்ணெயை ஒரு இரும்பு வாளியில் ஊற்றி, நான் ஒரு தெர்மாகோல் துண்டை அதில் போட்டேன். நுரைத்துக்கொண்டு கரைந்து போனது. இன்னொன்று போட்டேன், அதுவும் போனது. ஸ்டைரீனுக்குத் தன் சொந்தக்காரனைக் கரைக்கிற குணம் உண்டு. ஒரு சாக்கு முழுவதையும் அந்த வாளி விழுங்கிவிட்டு, பிசின்போல ஒரு கூழாக அடியில் கிடந்தது. இனிமேல் பெரும்பாலும் காற்றேயான துண்டுகளைக் கலத்தில் அடைத்துக் காய்ச்ச வேண்டியதில்லை, இந்தக் கூழை ஊற்றினால் போதும்.

அக்கா வாளியைக் குனிந்து பார்த்தார், காலிச் சாக்கை உதறிப் பார்த்தார். "எங்கிட்டுத்தேன் போச்சு?" என்றார். விறுவிறுவென்று வேலியைத் தாண்டிப் போய், தன் வீட்டு ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் தெர்மாகோலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதையும் போடுங்க. நானே போடுறேன், குடுங்க." அவரே ஒடித்து ஒடித்துப் போட்டார். ஒவ்வொரு துண்டும் கரையும்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

ஆனால் எண்ணெயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஸ்டைரீனை யார் வாங்குவார்கள் என்று விசாரித்ததில், தேனியில் ஃபைபர் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற ஒருவர் இருந்தார். ஃபைபர் வேலைக்கான ரெசினை இளக்க ஸ்டைரீன்தான் ஊற்றுவார்கள். அவர் குமுளிப் பக்கம் வளர்ந்தவர், பேச்சில் மலையாளம் எட்டிப் பார்க்கும். நான் கொண்டுபோன பாட்டிலைத் திறந்து தூரமாக வைத்து முகர்ந்தார்.

"அதே நாத்தம்தான் மேடம். எந்தக் கம்பெனி?"

"எங்க வீட்டுக் கொல்லைங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு சின்ன அச்சில் ஊற்றிப் பார்க்கிறேன் என்றார். அடுத்த வாரம் போனபோது அச்சை என் முன்னால் வைத்தார். விரலை வைத்தால் ஒட்டியது. எறும்புகள் மாட்டிச் செத்திருந்தன.

"சாரமில்ல மேடம், கவலய விடுங்க, எனக்கு மொதல் தொட்டி இதவிட மோசமா வந்துச்சு. இதுல என்னமோ ஒண்ணு செட்டாகாம நிக்குது. அத வெளிய எடுங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். காய்ச்சும்போது ஸ்டைரீனோடு டொலுயீன் முதலான வேறு சிலவும் சேர்ந்தே வரும். அவை யாரோடும் கைகோக்காது, உள்ளேயே நின்று பொருளை இளக்கி வைத்திருக்கும். அவசரத்தில் நான் வருவதையெல்லாம் ஒரே பாட்டிலில் பிடித்திருந்தேன். திரும்ப ஆய்வகத்துக்குப் போய், முதலில் வருவதைத் தனியாக ஒதுக்கி, கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் பிடித்துப் பழகினேன். ஒவ்வொரு தடவையும் பாட்டிலோடு தேனி பஸ் ஏற முடியாது என்பதால், அவரே வேனில் வந்து எடுத்துப் போவார். தான் கம்பெனியில் வாங்குகிற ஸ்டைரீனோடு பாதிக்குப் பாதி கலந்து பார்த்தார். ஒரு நாள் மதியம் வேனிலிருந்து ஒரு பச்சைக் கதவை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, விரல் முட்டியால் தட்டினார். 'டொக்'கென்று கேட்டது. என் கணவர் தட்டினார். நானும் தட்டினேன். அக்கா இரண்டு கையாலும் அறைந்து பார்த்தார்.

அந்தக் கதவு அக்காவின் மோட்டார் அறைக்குப் போனது. தண்ணீர் பட்டுப் பட்டு வருடத்துக்கொரு பலகைக் கதவு உளுத்துப்போகிற இடம் அது.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் பயந்துபோனோம். பட்டப்பகல். கலம் நல்ல சூட்டில் இருந்தது. நான் அளவுக்குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், சொட்டக் காணமே" என்றார் அக்கா.

நிமிர்ந்து பார்த்தால் குழாயின் வாய் உலர்ந்திருந்தது. மெழுகுபோல ஏதோ உள்ளே உறைந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. மூடியின் ஓரத்தில் சீறல் கேட்டது. நான் பாய்ந்து கேஸை மூடினேன். "ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே மூன்று பேரும் வேலியைத் தாண்டிப் பந்தலுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டோம். சீறல் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. எதுவும் வெடிக்கவில்லை, எதுவும் பற்றவில்லை. என் கணவர் என் கையைப் பிடித்திருந்தார்.

"போதும்மா. நம்ம வீட்டுல வச்சு இது வேண்டாம்" என்றார்.

நான் தலையாட்டினேன். வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. அக்காதான் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வீட்டுல வேண்டாம்னா வேற எங்கனயாவது வைக்க வேண்டியதேன். அதுக்காக நிறுத்துறதா? நான் யார் யார் வீட்டுலயோ குப்பையக் குடுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். சந்தைக்குப் போகிற வழியில் எல்லாம் அவர் தெர்மாகோல் கேட்டுவைத்திருந்தார்.

ஃபைபர் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த தன்னுடைய ஷெட்டில் ஒரு மூலையை ஒதுக்கினார். இந்த முறை முறைப்படி செய்தோம். அகலமான குழாய், அழுத்தம் ஏறினால் தானே திறக்கிற வால்வு, மணல் வாளி, தீயணைப்பான். தீயணைப்புத் துறையிலிருந்தும் மாசுக் கட்டுப்பாட்டிலிருந்தும் வந்து கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். பதில் சொல்லச் சொல்ல எனக்கே பல விஷயங்கள் தெளிந்தன. உரிமம் கிடைக்க நாளானது. கிடைத்த அன்று என் கணவர் அந்த ஷெட் வாசலுக்கு ஒரு தோரண வளைவு வெட்டிக் கட்டினார். மறுநாள் அவரே அதைக் கழற்றிக் கலத்தில் போட்டார்.

சரியான நேரத்தில்தான் ஷெட் தயாரானது. அரசு வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஒவ்வொரு பெட்டியையும் பிரித்தால் இரண்டு பக்கமும் தெர்மாகோல். ஓடையிலும் வாய்க்காலிலும் அது மிதந்து வரத் தொடங்கியதும் பஞ்சாயத்தில் இருந்தவர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். டிவி கொடுக்கிற பள்ளிக்கூட வாசலிலேயே அக்கா இன்னும் சில பெண்களோடு சாக்கை விரித்து நின்றுவிடுவார். "டிவி ஒங்களுக்கு, வெள்ளை எங்களுக்கு" என்று அவர் கூப்பிடுவதைக் கேட்டு வரிசையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். சிரித்தாலும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

எல்லாமே எங்களால் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். காய்ச்சுவதில் ஒரு பங்கு எப்போதும் கருப்புக் கசடாகவே நின்றது. சில மாதம் ரெசின் வேலையே இருக்காது, கலமும் சும்மா கிடக்கும். இருந்தாலும் அந்த வருடங்களில் எங்கள் சுற்று வட்டாரத்தில் யாரும் தெர்மாகோலைக் கொளுத்தியதாக எனக்கு ஞாபகமில்லை. என் மாணவிகளில் இரண்டு பேர் படிப்பு முடித்ததும் அந்த ஷெட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். வடிப்பதில் என்னைவிட அவர்களுக்குப் பொறுமை அதிகம்.

டிவி பெட்டிகள் குறைந்துவந்த சமயத்தில் என் கணவர் கம்பத்து மீன் மார்க்கெட்டைப் பார்த்துவிட்டு வந்தார். கேரளத்திலிருந்து மீன் வருகிற தெர்மாகோல் பெட்டிகள் அங்கே உடைந்து குவிந்து கிடந்தன. "நாறும். கழுவணும். ஆனா ஏராளம்" என்றார். அக்காவும் அவரும் விடியற்காலையிலேயே மினிடோர் சரக்கு ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

அன்று நான் கல்லூரிக்குப் போகப் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். கம்பம் ரோட்டில் அந்த மினிடோர் வந்தது. பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். வண்டி வேகம் குறைந்ததும் மீன் வாடை முகத்தில் அறைந்தது, நிறுத்தத்தில் நின்ற எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா வெளியே தலையை நீட்டினார்.

"டீச்சர்! நாளைக்கும் வரச் சொல்லிட்டாக! ஐஸ் மீனு ஒரு கிலோ சும்மாவே குடுத்தாக, சாயங்காலம் வீட்டுக்கு வாங்க!"

பின்னால் பெட்டிகளை அணைத்துப் பிடித்தபடி நின்ற என் கணவர் எனக்குக் கையசைத்தார். அசைத்த கையை உடனே திரும்பப் பெட்டிகள்மேல் வைக்க வேண்டியிருந்தது. வண்டி தேனிப் பக்கம் போய் மறைந்த பிறகும் வாடை கொஞ்ச நேரம் நின்றது. பக்கத்தில் நின்ற பெண் என்னிடம், "தெரிஞ்சவுகளா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு" என்றேன்.